பூவுக்குச் சொன்ன விலை

மகனே, உனக்கு ஸலாம். சுகம் விசாரித்துத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும். உன் சுகத்தை இன்றைக்கு நான் விசாரிக்கப் போவதில்லை. நாவலப்பிட்டியில், ரயில் நிலையத்துக்கு எதிரே, புதுக் கடைக்குப் பலகை அடித்துக்கொண்டு நீ சுகமாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழே, கிரிபண்டாவின் ஊரில், வழிப்போக்கர்கள் தங்குகிற அம்பலத்தில் வீங்கிப்போன முழங்காலை நீட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொதிமாட்டுத் தவளம் இல்லாமல், ஒரு மாடுகூட இல்லாமல், இந்த வயதில் வாப்பா ஏன் அங்கே போனார் என்று நீ கேட்பாய். வீட்டில் நீ கட்டிப்போட்டுவிட்டுப் போன எருமைதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

நீ ரயில் ஏறிய அன்று நான் கண்டியில் உப்பு எடுக்கப் போயிருந்தேன். அசதியோடு வந்து படுத்தவன், மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு மாட்டுப்பட்டிக்குப் போனேன். நம்முடைய பொதிமாடுகளுக்கு நடுவில் ஓர் எருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். எருமையேதான். நமக்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம்? உப்பும் கருவாடும் துணியும் மேலே கொண்டுபோய், ஊர்த் தோட்டத்துக் கோப்பியைக் கீழே கொண்டு வருகிறவர்கள் நாம். நம் குடும்பத்தில் ஏர் பிடித்தவன் எவனும் இல்லை. கிட்டப் போய் விலாவில் சுட்டிருந்த குறியைப் பார்த்தேன். கிரிபண்டாவின் குறி. எத்தனை வருடம் அவன் வாசலில் மாடு அவிழ்த்தவன் நான், அந்தக் குறி எனக்குத் தெரியாதா? திகைத்துப்போய் உன் உம்மாவைக் கூப்பிட்டேன்.

"மகன்தான் கொண்டு வந்து கட்டினாரு. அந்தத் தோட்டத்துக் கோப்பிக் கணக்கு இதோட சரியாம். வாப்பாட்ட செல்லச் சென்னாரு" என்றாள்.

"கிரிபண்டா எப்பிடி எருமையக் குடுத்தான்?"

"அவரு எங்க இரிக்கிறாரு? போன மாரியில மவுத்தாப் போயிட்டாராம். பொஞ்சாதிதான் குடுத்தாவாம்."

கிரிபண்டா செத்தது எனக்குத் தெரியாது. போய் வந்த உனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியையும் உம்மாவிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. அவளுக்கோ மகனுடைய கெட்டித்தனத்தில் பெருமை. பூத்து நின்ற முழுத் தோட்டத்தையும் ஒரே ஒரு சாக்கு உப்புக்கு நீ பேசி முடித்தாயாம். காயெல்லாம் நமக்கு என்று ஒப்பந்தமாம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த வழியாக வந்து பார்த்தால் மரத்தில் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லையாம். கிரிபண்டாவின் பெண்சாதி அத்தனை பூவையும் பறித்துப் பன்சலைக்குக் கொண்டுபோய்ப் புத்தருக்கு வைத்துவிட்டாளாம். ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லி எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்தாயாம். மகனே, இதில் எதைக் கேட்டு அதிகம் அதிர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் என் காதில் விழுந்து அங்கேயே நின்றது அந்த ஒரு சாக்குத்தான்.

கிரிபண்டாவும் நானும் பேரம் பேசுவதைப் பல் முளைத்த நாளிலிருந்து பார்த்தவன் நீ. தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிற சமயத்தில் போவோம். நான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து, "எனத்த கிரிபண்டா, இந்த முற பூவெல்லாம் சொத்தையா இரிக்கே" என்பேன். அவன் உப்புச் சாக்குக்குள் கையை விட்டு, "நானா, இது உப்பா, மகாவலித் தண்ணியா? புழிஞ்சா ஊத்துதே" என்பான். என் உப்பு நன்றாகக் காய்ந்த உப்பு என்று அவனுக்குத் தெரியும். அவன் பூவில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிப்பார்கள். கடைசியில் நான்கு சாக்கையொட்டி முடியும், பலாச்சுளை தின்போம், மாட்டில் பொதி ஏற்றுவோம். இரண்டு சாக்குக்குக் குறைந்தால் அவன் தரமாட்டான். கோப்பி பறித்துக் காயவைக்கிற நேரத்தில் காட்டை வெட்டிச் சுட்ட சேனையில் குரக்கன் போட்டாலே அவனுக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆறு சாக்குக்கு மேலே போனால் நான் எடுக்கமாட்டேன். அதே மாடுகளை வேறு ஊருக்கு ஓட்டினால் எனக்கு அதைவிட நல்லது. அந்த இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் கிடப்பதுதான் வியாபாரம் உண்டாக்குகிற லாபம். அதைப் பேசிப் பங்கு போடுவதற்குத்தான் அத்தனை நையாண்டியும். ஒரு வருடம் அவனுக்குக் கொஞ்சம் கூட, ஒரு வருடம் எனக்குக் கொஞ்சம் கூட. எப்படி முடிந்தாலும் இரண்டு பேரும் வந்ததைவிட நல்ல நிலையில்தான் பிரிவோம். அதனால்தான் அடுத்த வருடமும் அந்த வாசலில் நமக்குச் சுளை கிடைத்தது.

ஒரு சாக்கு என்றால் அந்த இரண்டுக்கும் கீழே. கிரிபண்டா இருந்திருந்தால் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பான். நீ போன அன்று வாசலில் நின்றவள் அவன் பெண்சாதி புஞ்சிமெனிக்கா. ஒருநாளும் பேரம் பேசியவள் இல்லை. நாங்கள் பேசுகிற நேரத்தில் உள்ளே அடுப்போடு நின்றவள். எது குறைந்தால் கொடுக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அவன் உயிரோடு இல்லை. பாதை சரிந்து, வேறு தவளம் ஏறாமல், அந்த ஊரே உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரமும் அது. இதெல்லாம் தெரிந்துதான் நீ பேசினாய். உன் கெட்டித்தனம் என்று உம்மா சொன்னாளே, அது இதுதான்.

எருமையை அவிழ்த்துக்கொண்டு அப்போதே புறப்பட்டேன். உம்மா கத்தினாள், நான் கேட்கவில்லை. எருமையோடு நடப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் கொண்டுவந்தாய். தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் அது படுத்துக்கொண்டது. தெல்தெனியாவில் ஒரு வண்டிக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, "எனத்த நானா, தவளத்த வித்துப்போட்டு உழப் போறீங்களா?" என்று கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் சின்ன வயதுதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனோமே, அந்த வருடம். ஒரே ஒரு காசு கொடுத்து, பிடித்ததை வாங்கிக்கொள் என்றாள் உம்மா. ஒரு பக்கம் தின்கிற தொதல், ஒரு பக்கம் பம்பரம். நீ பம்பரத்தை வாங்கினாய். கட்டுகஸ்தோட்டையில் நம் வீடு வந்து சேரும்வரை அழுகை. "காசுக்குத்தானே வாங்கினாய், பிறகேன் அழுகிறாய்?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "காசுக்கு வாங்கல்ல வாப்பா. தொதலக் குடுத்துத்தான் வாங்கினேன்" என்றாய். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒன்றை எடுக்கிறபோது கையைவிட்டுப் போகிற மற்றதுதான் அதனுடைய உண்மையான விலை. பால் மணம் மாறாத வயதில் நீயே கண்டுபிடித்துச் சொன்னாய். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டேதான் ஏற்றம் முழுக்க ஏறினேன்.

ஊருக்குள் இறங்கியதும் வயல்வெளி தெரிந்தது. எல்லா வயலும் உழுது, சேறு மிதித்து, விதைத்தாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் போன போகத்து அடித்தாளோடு வெடித்துக் கிடந்தது. யாருடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். கடைசி முறை புஞ்சிமெனிக்காவுடையது. நீ எருமையை ஓட்டிக்கொண்டு போன மறுநாள்தான் அந்த முறையாம். தண்ணீர் வந்தது, வாய்க்காலோடு போயிற்று. நீ ஓட்டிக்கொண்டு போனது ஓர் எருமை என்று நினைத்திருப்பாய். நம் பட்டியில் சும்மா நின்று அது வைக்கோல் தின்ற நேரத்தில் அந்த வீட்டு ஒரு போக நெல் போய்விட்டது. நமக்கு அதனால் கிடைத்தது என்ன? சாணி.

அவள் என்னைக் கண்டதும் எருமையைப் பார்க்கவில்லை. ஓடிவந்து, "நானா, மகனுக்கு இன்னும் கோவமா?" என்றுதான் கேட்டாள். சிங்களத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். பிறகு உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். நீ கொடுத்த உப்புச் சாக்கு. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"இது எனத்துக்கு?" என்றேன்.

"மகன் பாவம் நானா. நல்ல உப்பக் குடுத்திட்டு நோய் புடிச்ச மரத்த வாங்கிக்கொண்டு போனாரு. எனக்கு மனசு கேக்கல்ல. மிச்சத்தயாவது திருப்பிக் குடுப்போம் எண்டு எடுத்து வெச்சேன். எருமையக் கொண்டு போன அண்டைக்கும் இதக் காட்டினேன், அவரு எடுக்கல்ல."

மகனே, உப்பில்லாமல் கிடந்த ஊரில், பிள்ளைகளுக்கு அளந்து அளந்து போட்டுவிட்டு, உன்மேல் இரக்கப்பட்டு அவள் எடுத்துவைத்த உப்பு அது. பூவை ஏன் பறித்தாய் என்று கேட்டேன்.

"இந்தப் பூவு ஒண்டும் காயாகாது எண்டு மகன்தானே சென்னாரு? பெரிய தோட்டத்தில எல்லாம் இலையில துரு வந்து கொட்டுதாம், எங்கட மரத்துக்கும் வந்திட்டுதாம், பாவம் பார்த்துத்தான் ஒரு சாக்குத் தாராராம். மறுநா பவுர்ணமிப் போயா. நெலத்தில உழுந்து அழுகிப் போற பூவு, புத்தருக்கு வெச்சா புண்ணியமாவது கெடைக்கும் எண்டு நெனச்சேன். புள்ளைகளோட விடியவே எழும்பி ஒரு பூ விடாமப் பறிச்சோம். பன்சல முழுக்க வெள்ளையா இருந்திச்சி நானா."

பிறகு கேட்டாள். "ஒண்டு கேக்கிறேன், கோவிக்க வாணாம். பெறுமதி இல்லாத பூவுக்கு எனத்துக்கு நானா எருமையக் கொண்டு போனாரு?"

வியாபாரத்தில் எத்தனையோ பேர் என்னை மடக்கியிருக்கிறார்கள். இப்படி யாரும் மடக்கியது இல்லை. அவள் குத்திக் கேட்கவில்லை. நமக்குள் ஏதோ ஒரு முறை இருக்கிறது, அது தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்து, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள். நீ வரும்போது எருமையின் கயிற்றை அவளே அவிழ்த்து உன் கையில் கொடுத்தாளாமே! அதுவும் அப்படித்தான்.

என்ன சொல்வது? நீ சொன்னது மெய் என்று சொல்லலாம். அவள் நிம்மதியாக இருப்பாள், உன் பேரும் கெடாது. பொய் என்று சொன்னால், அந்த மலையில் நம் தவளத்தின் பேச்சுக்கு இனி யாரும் காது கொடுக்கமாட்டார்கள். பூவைப் பார்த்துக் காயை வாங்குகிற வியாபாரம் நம்முடையது. கைக்கு வராத பொருளை வெறும் வார்த்தையை வைத்து எடுக்கிறோம். வார்த்தை போனால் பிறகு மாடு எதற்கு, மணி எதற்கு? இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"மரத்துக்கு நோய் ஒண்டும் இல்ல புள்ள. மகன் சென்னது வெல கொறைக்கச் சென்ன பேச்சி" என்றேன்.

"அப்ப அந்தப் பூவெல்லாம் காச்சிருக்குமா?"

"காச்சிருக்கும்."

"அவரு இருக்கச்சொல்ல காய்க்கிற மாதிரியா?"

"அத விடவும் கூட."

அவள் அழவில்லை, ஏசவில்லை. மரங்களைத் திரும்பிப் பார்த்தாள். பச்சையாக, இலையில் ஒரு புள்ளி துரு இல்லாமல் நின்றன. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நான் புத்தருக்குப் பூவு வெக்கல்ல நானா. புள்ளைகள்ட ஒரு வருசத்து உப்பையும் துணியையும் வெச்சிட்டு வந்திரிக்கிறேன்."

உன்னைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. திருடன் ஒரு பொருளை எடுத்தால் அந்தப் பொருள் எங்கேயாவது இருக்கும். நீ செய்தது அதைவிட விசித்திரம். எவ்வளவு தருவேன் என்று நீ சொன்னதை வைத்துத்தான் தன் கையில் இருப்பது என்ன என்று அவள் தெரிந்துகொண்டாள். வேறு யாரும் அவளுக்குச் சொல்ல இல்லை. ஒன்றுமில்லை என்று நீ சொன்னாய், ஒன்றுமில்லாததை எடுத்துக்கொடுக்க அவளுக்கு என்ன தயக்கம்? காய் அவளுக்கும் இல்லை, உனக்கும் இல்லை, யாருக்குமே இல்லை. நீ மூன்று சாக்கு கொடுத்திருந்தால்கூட அவள் புத்தருக்கு ஒரு கொத்துப் பூவை வைத்துவிட்டு மீதியைக் காக்கைக்கும் காற்றுக்கும் பயந்து காத்திருப்பாள். கிரிபண்டாவிடம் நான் சொன்ன அதே வார்த்தைதானே என்று நீ சொல்லலாம். அதே வார்த்தைதான். அவன் அதைக் கேட்டுச் சிரித்தான். இவள் நம்பினாள். சிரிக்கத் தெரியாதவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். அவளுக்குச் சேர வேண்டிய உப்பும் துணியும் என் பொறுப்பு, அது லேசான காரியம். லேசில்லாதது அந்த வயல். நேற்று வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான வெல்விதானையைப் போய்ப் பார்த்தேன். முகத்தை ஒருமுழம் நீட்டி வைத்துக்கொண்டு, கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை ஒரு பகலுக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பி விடுகிறேன் என்றான். ஓர் எருமையை வைத்து ஒரு பகலில் அந்தத் துண்டை உழ முடியாது. ஊரில் எருமை இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஊரே சேர்ந்து பன்சலைக்குப் புது ஓடு சுமக்கிற நாள். கீழே சூளையிலிருந்து மலைமேலே தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். உழப் போனால் ஓடு கிடக்கும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

அப்போதுதான் என் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது. அவர்கள் நாள் முழுக்கத் தலையில் சுமக்கிற ஓட்டை நம் தவளம் பொழுது உச்சிக்கு வருவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். நம் மாடுகளுக்கும் நமக்கும் உழவு என்றால் என்னவென்றே தெரியாது, அவர்கள் எருமைகள் கண்ணை மூடிக்கொண்டு உழும். ஓட்டை நாங்கள் ஏற்றுகிறோம், நீங்கள் வயலை உழுங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓடு உடையாமல் வந்தால் சரி என்றார்கள். ஒருவருக்கும் நஷ்டம் இல்லாத பேச்சு. இந்தப் பயணத்தில் நான் பேசிய ஒரே நல்ல வியாபாரம் இதுதான்.

ஆனால் தவளம் கட்டுகஸ்தோட்டையில் நிற்கிறது. என்னால் இந்தக் காலோடு போய்த் திரும்ப முடியாது. முன்னால் போகிற மணிக்காளை கன்றாக இருந்த நாளிலிருந்து நீ வளர்த்தது, உன் குரலுக்குத்தான் நடக்கும். வேறு ஆளை அனுப்பிப் பார்க்கலாம் என்று நீ எழுதாதே. வெள்ளிக்கிழமை என்ன நாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஜும்மா முடிந்து, பெரியவர்களைக் கூப்பிட்டு, பாத்திஹா ஓதி நீ கடை திறக்கிற நாள். அன்றைக்குத் திறக்காவிட்டால் தோட்டத்து ஆட்கள் சம்பளத்தோடு வருகிற அந்த வாரத்து வியாபாரம் முழுக்கப் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அழைத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த வாரம் வருகிறேன் வாப்பா, வேறு ஒரு நாள் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்ல உனக்கு நாக்கு வரும். வேண்டாம். சும்மா கிடக்கிற ஒரு நாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்காதே. பெறுமதி இல்லாத பூ என்று நினைத்து அவள் வைத்தது ஒரு வருடத்து வாழ்வு. நீ தெரிந்தே வைக்க வேண்டியது கடை திறக்கிற அந்த வெள்ளிக்கிழமை. தொதலைக் கொடுத்துத்தான் பம்பரம் என்று சொன்ன பிள்ளைக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கீழே போகிற ஒரு தவளத்தில் இதைக் கொடுத்தனுப்பி, கண்டியில் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். புதன்கிழமை உன் கைக்கு வரும். அன்றைக்கே ரயில் ஏறி, வியாழன் முழுக்க மாடுகளை நடத்தினால் வெள்ளி விடிகிறபோது இங்கே மணிச் சத்தம் கேட்கும்.

இன்று காலை புஞ்சிமெனிக்கா அம்பலத்துக்கு வந்தாள். "மகன் வருவாரா நானா?" என்று கேட்டாள். வருவான் என்று சொன்னேன். உன் வார்த்தையைக் கேட்டு ஒரு வருடத்தைக் கொடுத்தவள், என் வார்த்தையை நம்புவாளா என்று எனக்குச் சந்தேகம்தான். திரும்பிப் போனாள். சற்று முன்பு அவள் வீட்டு வாசலைக் கடந்து வந்தேன். இருந்த விதைநெல் முழுவதையும், வெள்ளிக்கிழமை விதைக்காவிட்டால் வீணாகப் போகும் என்று தெரிந்தே, முளைகட்டுவதற்குத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள்.

வாப்பா.